ஒருவருக்கு இதம், மற்றவருக்கு ஏமாற்றம்: ஏன்?



பிழைப்பைத் தேடி மும்பைக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் வந்த நம்மில் அநேகருடைய நாட்கள் நின்றும், சுமந்தும், நெரிசலான ரயிலில் பயணித்துமே கழிகின்றன. ஆகையால் முதுகுவலியும் மூட்டுவலியும் நம் வீடுகளில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டன. அவற்றைத் தொடர்ந்து, இடுப்பிலும் முழங்காலிலும் அணியத்தக்க மின்சார வலிநிவாரணக் கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் மாமியாருக்கு இதமளித்த கருவி மருமகளுக்குப் பயன்படாமற் போவதுண்டு. உடனே, "உனக்கு வலியே இல்லை, எல்லாம் மனப்பிரமை" என்ற சொல் எழும்புகிறது. இச்சொல் நியாயமானதுதானா என்று இம்மாதம் ஆராய்வோம்.

கருவி செய்வது என்ன?

'டென்ஸ்' என்றழைக்கப்படும் இவ்வகைக் கருவி, தோலில் ஒட்டப்படும் பட்டைகளின் வழியாக மெல்லிய மின்துடிப்புகளை நரம்புகளுக்கு அனுப்புகிறது. இது நோயைக் குணமாக்குவதில்லை; வலியின் செய்தி மூளையை எட்டாதபடி தடுக்கவே முயல்கிறது. 1965-ஆம் ஆண்டில் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் இரு அறிஞர்கள் இதற்கு அடிப்படையான கோட்பாட்டை வெளியிட்டனர். தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு ஒரு வாயில் உண்டு. தொடுவுணர்வைச் சுமக்கும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்படும்போது அவ்வாயில் அடைபடுகிறது என்றனர். கால் இடித்துக்கொண்டவுடன் அவ்விடத்தைத் தேய்த்துவிடுகிறோம் அல்லவா? அதனால் உண்டாகும் இதமும் இத்தகையதே. மேலும், உடல் தானாகவே சுரக்கும் வலிநீக்கிப் பொருள்களையும் இத்துடிப்புகள் தூண்டிவிடுகின்றன.

ஆளுக்கு ஆள் வேறுபடுவது ஏன்?

முதலாவது காரணம் மின்துடிப்பின் வலிமை. அநேகர் அச்சத்தினால் இலேசான கூச்சம் தெரியும் அளவோடு நிறுத்திவிடுகின்றனர். துடிப்பு பலமாக உணரப்பட வேண்டும். ஆனால் வேதனை தரலாகாது. ஒருவருக்குப் போதுமான அளவு மற்றவருக்குப் போதாது.

இரண்டாவது, நரம்பின் நிலை. நெடுநாள் சர்க்கரை நோயினால் பாதம் மரத்துப்போனவரிடத்தில், துடிப்பை ஏற்கவேண்டிய நரம்பிழைகளே பழுதுபட்டிருக்கலாம். வறண்ட தோலும் பசையிழந்த பட்டையும்கூட மின்சாரத்தைச் சீராகச் செல்லவிடுவதில்லை.

மூன்றாவது, நாம் உட்கொள்பவை. குறைந்த வேகத் துடிப்புகள், மார்ஃபின் செயல்படும் அதே வழியில்தான் செயல்படுகின்றன. ஆகவே அவ்வகை மருந்துகளுக்கு நெடுநாள் பழகிய உடலில் அவற்றின் பலன் குன்றிவிடும். அவர்களுக்கு வேகமான துடிப்புகள் ஏற்றவையாக இருக்கலாம். காபியிலுள்ள கஃபீன் 200 மில்லிகிராம் அளவில் கருவியின் பலனைக் குறைத்ததாக 1995-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வும் உண்டு.

நான்காவது, வலியின் தன்மை. அசையும்போது உண்டாகும் வலியையே இக்கருவி அதிகமாகத் தணிப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அமர்ந்தபடியே சோதித்துவிட்டு, பயனில்லை என்று ஒதுக்குவது அவசர முடிவாகும். படியேறியும் நடந்தும் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, பழக்கம். ஒரே அளவில் நாள்தோறும் பயன்படுத்தினால், நான்கைந்து நாட்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடக்கூடும். முதல் வாரத்தில் கிடைத்த இதம் பின்னர் மறைவதற்கு இதுவும் ஒரு காரணம். வேகத்தையும் வலிமையையும் மாற்றிப் பார்ப்பது உதவலாம்.

வல்லுநர்களும் இதில் ஒருமனப்படவில்லை. பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2016-இல் இடுப்புவலிக்கு இதனைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றது. 381 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வறிக்கையோ, கருவி இயங்கும்போதும் நிறுத்திய உடனும் வலி குறைவதாகக் கண்டது. சராசரிக் கணக்கு எதுவானாலும், ஒரு தனி மனிதருக்கு அது உதவுமா என்பதை முறையாகச் சோதித்தே அறிய வேண்டும்.

எச்சரிக்கை

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடவேண்டாம். கழுத்தின் முன்புறம், புண்பட்ட தோல், உணர்வற்ற இடம் ஆகியவற்றில் பட்டையை ஒட்டலாகாது. காரணம் அறியாத புதிய வலியைக் கருவியால் மறைத்துவைப்பதும் ஆபத்து.

விலைகொடுத்து வாங்குமுன், பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் சென்று, பட்டை ஒட்டவேண்டிய இடத்தையும் அளவையும் கற்றுக்கொள்ளுங்கள். பயன் இருந்தால் மட்டும் வாங்குங்கள். இதம் கிடைத்தால், அந்த நேரத்தில் மருத்துவர் சொன்ன உடற்பயிற்சியைச் செய்யுங்கள். நீடித்த பலன் அதிலிருந்தே வரும்.

கருவி ஒருவருக்கு உதவாமற்போனால், அது கருவியைப் பற்றிய செய்தியேயன்றி, அவர் வலி பொய்யென்பதற்குச் சாட்சியன்று. மருமகளானாலும் மாமியாரானாலும், "வலிக்கிறது" என்று சொல்பவருக்குப் பொறுமையோடு செவிகொடுப்போம். அடுத்த மருத்துவரைக் காண அவரோடுகூடச் செல்வோம்.