அம்புக்குறி காட்டும் வழி

வீடியோ கேம் ஒன்றின் அடுத்த பாகம் வரப்போகிறது என்றால் முதலில் வெளியாவது படங்கள்தான். புல் அசைகிறது. தண்ணீரில் நிலா மிதக்கிறது. கதாநாயகனின் தாடியை முடி முடியாக எண்ணலாம். முந்தையதைவிட எவ்வளவு முன்னேற்றம் என்று வியக்கிறது விளம்பரம். முன்னேற்றம்தான். எதில் என்பதுதான் கேள்வி.

நான் சொல்வது ரோல் பிளேயிங் கேம் என்ற வகையைப் பற்றி. ஒரு கற்பனை உலகில் ஒரு பாத்திரத்தை ஏற்று, முடிவுகளை நீங்களே எடுத்து, பலனையும் நீங்களே அனுபவிக்கும் ஆட்டம். 1974இல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்தக் குடும்பத்தின் மூதாதை. அதை ஆடத் திரையே தேவையில்லை. காகிதம், பென்சில், பகடை, நாலு பேரின் பேச்சு போதும்.

அந்த வம்சத்தில் வந்த 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையின் மூன்றாம் பாகம், 'மாரோவிண்ட்', 2002இல் வெளியானது. எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில், அண்ணனின் கம்ப்யூட்டரில் அதை ஆடினேன். முகங்கள் மரப்பொம்மை மாதிரி இருக்கும். பத்தடிக்கு அப்பால் எல்லாம் மூடுபனி. கதைப்படி நீங்கள் ஒரு கைதி. செய்டா நீன் என்ற கரையோரச் சிற்றூரில் கப்பலிலிருந்து இறக்கி விடுவிக்கிறார்கள். பால்மோரா நகரில் ஒருவரைப் போய்ப் பார்க்க வேண்டும். அதன் பிறகு எங்கே போவதானாலும் யாராவது வழி சொல்ல வேண்டும். பாலத்தைத் தாண்டு, வடக்கே திரும்பு என்று அவர்கள் சொல்வது எழுத்தில் வரும். படித்துப் புரிந்துகொண்டு நடக்க வேண்டும். சில சமயம் சொன்ன வழி தப்பாகவும் இருக்கும். மடியில் ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு அந்தத் தீவைச் சுற்றினேன். மொழிபெயர்ப்புதான் எனக்குப் பின்னாளில் சோறு போடும் என்று அப்போது தெரியாது.

2006இல் நான்காம் பாகமான 'ஒப்லிவியன்' வந்தது. காடு காடாகவே தெரிந்தது. எல்லோரும் வாய் திறந்து பேசினார்கள். பேரரசருக்குக் குரல் கொடுத்தவர் பிரபல நடிகர் பாட்ரிக் ஸ்டூவர்ட். கூடவே திசைகாட்டியில் ஓர் அம்புக்குறியும் வந்தது. அது காட்டும் பக்கம் நடந்தால் போதும். எழுத்தில் ஒரு வரி கூட்ட எழுத்தாளரும் பேனாவும் போதும். குரலில் கூட்ட நடிகர், ஒலிப்பதிவுக் கூடம், பணம் எல்லாம் வேண்டும். குரல் வந்ததும் பேச்சு சுருங்கியது.

சுருங்கியது பேச்சு மட்டுமல்ல. ஆடுபவர் வளர்த்துக்கொள்ளும் திறமைகள் மாரோவிண்டில் 27. ஒப்லிவியனில் 21. 2011இல் வந்த ஐந்தாம் பாகமான 'ஸ்கைரிம்'மில் 18. மாரோவிண்டில் கதைக்கு முக்கியமான ஆளைக் கொன்றுவிட்டால், இனி இந்தக் கதை நிறைவேறாது என்று எச்சரித்துவிட்டு ஆட்டம் உங்களை உங்கள் பாவத்தோடு விட்டுவிடும். ஒப்லிவியனில் அப்படிப்பட்டவர்கள் மயங்கி விழுந்து, சற்று நேரத்தில் எழுந்துகொள்வார்கள். உங்கள் தவறுக்கு அங்கே மதிப்பில்லை.

எதிர்த்தரப்பு என் வீட்டிலேயே இருக்கிறது. அக்கா மகனுக்கு மாரோவிண்டைக் காட்டினேன். "சித்தி, வாள் அவன் நெஞ்சுல பாயறது கண்ணுக்குத் தெரியுது. ஆனா படலைங்குது. இது என்ன நியாயம்?" என்றான். நியாயமான கேள்வி. அந்த ஆட்டத்தில் அடி விழுந்ததா இல்லையா என்பதை உள்ளே உருளும் பகடை முடிவு செய்கிறது. காகிதத்தில் அது பொருந்தும். கண்ணால் பார்க்கும்போது பொய்யாகிவிடுகிறது. ஒப்லிவியன் அதைச் சரிசெய்தது. சந்தையும் அவன் பக்கம்தான். ஸ்கைரிம் 6 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது என்று அதன் இயக்குநர் டாட் ஹோவர்ட் 2023இல் சொன்னார்.

படம் எதிரி என்று நான் சொல்லவில்லை. 2023இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' கண்ணுக்கும் விருந்து, முடிவுகளும் ஆழமானவை. ஆனால் முழுமையாக வெளியாகும் முன், ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அரைகுறை வடிவில் ரசிகர்கள் கையில் கொடுத்துத் திருத்தித் திருத்திச் செய்த ஆட்டம் அது. இரண்டும் வேண்டுமென்றால் அவ்வளவு பொறுமை வேண்டும். ஒன்றுதான் முடியும் என்றால்? 2010இல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்', 2008இல் வந்த 'ஃபால்அவுட் 3'இன் அதே மென்பொருள் அடித்தளத்தில், ஏறக்குறைய அதே முகத்தோடு வந்தது. கூட்டியது கட்சிகளையும் தேர்வுகளையும் விளைவுகளையும்தான். ரசிகர்கள் இன்றும் அதைப் பற்றி வாதாடுகிறார்கள். 2006இல் வாய்பிளக்க வைத்த ஒப்லிவியனின் படங்களுக்கோ 2025இல் புதுப்பூச்சு பூச வேண்டியிருந்தது.

போன மாதம் அக்கா மகனிடம் ஒரு பந்தயம் கட்டினேன். ஸ்கைரிமில் அம்புக்குறியை அணைத்துவிட்டு ஆடிப் பார் என்றேன். உற்சாகமாகத்தான் உட்கார்ந்தான். வெளியே பனி பெய்தது, மலை மின்னியது, மான் ஓடியது. அரை மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தான்.

"எங்க போகணும்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க சித்தி."