ஒரே மழை, இரண்டு கணக்கு

இன்சூரன்ஸ் பாடத்தில் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்: இழந்தவரை இழப்பதற்கு முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவருவது. அதிகமும் கூடாது, குறைவும் கூடாது. பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. நானும் எழுதி வாங்கியிருக்கிறேன். ஆனால் எங்கள் சொந்தபந்தத்திலேயே இந்த இலக்கணம் ஒரு இடத்தில் பாஸ், இன்னொரு இடத்தில் ஃபெயில்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்தது ஞாபகம் இருக்கும். அப்பா வேலை பார்க்கும் அம்பத்தூர் எஸ்டேட் லேத் பட்டறையில் இடுப்பளவு தண்ணீர். முதலாளி இன்சூரன்ஸ் போட்டிருந்தார். தண்ணீர் வடிந்ததும் சர்வேயர் வந்தார். ஒவ்வொரு மோட்டாராகப் போட்டோ எடுத்தார், பில் கேட்டார், தேய்மானம் கழித்தார். கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. முதலாளி இன்றைக்கும் திட்டுவார். ஆனாலும் எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று அவர் கையில் ஒரு தாள் இருக்கிறது.

அதே மழை திருவள்ளூர் தாண்டி என் தாய்மாமா நிலத்திலும் பெய்தது. ஏரிக் கலங்கல் ஓரம் ஒன்றரை ஏக்கர், பள்ளமான இடம். சம்பா நெல் ஒரு வாரம் முழுகிக் கிடந்து அழுகிவிட்டது. சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாம் கொடுத்து அவரும் பிரீமியம் கட்டியிருந்தார். யாரும் வந்து பார்க்கவில்லை. பணமும் வரவில்லை. "அது கோயில் உண்டியல் மாதிரிடா. போடலாம், திருப்பிக் கேக்கக் கூடாது" என்றார்.

ஏதோ மோசடி என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு விதிமுறைகளை எடுத்துப் படித்தேன். மோசடியே தேவையில்லை, விதிப்படியே அப்படித்தான்.

2016-இல் வந்த பிரதம மந்திரி பயிர் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டுவது காரிஃப் பருவத்துக்கு 2 சதவீதம், ராபிக்கு 1.5 சதவீதம். மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. சம்பா ராபியில் வரும். ஏக்கருக்கு 36,000 ரூபாய் காப்பீடு என்றால் விவசாயி பங்கு 540 ரூபாய்தான். குறை சொல்ல முடியாது.

சிக்கல் இழப்பைக் கணக்கிடும் இடத்தில். நெல்லுக்குத் தனித்தனி வயலைப் பார்ப்பதில்லை. கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து அறுவடைப் பரிசோதனை நடத்தி, சராசரி மகசூல் எடுக்கிறார்கள். கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியை வைத்து உத்தரவாத மகசூல் என்று ஒன்று இருக்கும். அது ஏக்கருக்கு 1,000 கிலோ, இந்த வருடச் சராசரி 900 கிலோ என்று வையுங்கள். குறைவு 10 சதவீதம், ஆகவே ஏக்கருக்கு 3,600 ரூபாய். ஒரு மணிகூட வீடு வராதவருக்கும் அதேதான், நன்றாக விளைந்தவருக்கும் அதேதான். சராசரி 1,000-ஐத் தாண்டிவிட்டால் எல்லோருக்கும் பூஜ்யம். மேட்டு நிலத்துக்காரர்கள் தப்பித்த ஊரில் பள்ளத்து நிலத்துக்காரர் மாமா.

தனி வயல் இழப்புக்கு வழியே இல்லையா? ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்றவற்றுக்கு உண்டு, 72 மணி நேரத்துக்குள் புகார் சொல்ல வேண்டும். வயலில் தண்ணீர் தேங்குவதும் அதில் இருந்தது. ஆனால் 2018-இல் நெல்லுக்கு அதை எடுத்துவிட்டார்கள். முழுகிய பயிரை மதிப்பிடுவது கடினம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, எங்கள் பாடத்தில் வரும் 'மாரல் ஹசார்ட்', அதாவது காப்பீடு இருக்கிறதே என்று ஆள் அசட்டையாக இருந்துவிடுவது. ஏரி உடைத்துக்கொண்டு வரும்போது மாமா எந்த விதத்தில் அசட்டையாக இருந்திருக்க முடியும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

2025 நவம்பரில் இதை மாற்றி அறிவித்தார்கள். 2026 காரிஃப் முதல் நெல் வயல் முழுகுவதும், காட்டு விலங்குகளால் வரும் சேதமும் தனி வயல் இழப்பாகச் சேரும். நல்ல செய்திதான். ஆனால் அதே 72 மணி நேரம், செல்போன் செயலியில் போட்டோவோடு. புயல் அடித்த மறுநாள் கரண்டும் டவரும் இருக்கிற கிராமம் எது?

கிராமச் சராசரி முறையே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒன்றரை ஏக்கருக்கு ஒரு சர்வேயர் அனுப்பினால் அவர் செலவே நஷ்ட ஈட்டைத் தாண்டிவிடும். நான் கேட்பது சின்ன விஷயம். உத்தரவாத மகசூல் எவ்வளவு, எந்தெந்த வயலில் அறுத்தார்கள், சராசரி என்ன வந்தது என்ற விவரத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள், கிராம சபையில் படியுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்பதையும் எழுதிக் கொடுங்கள். பட்டறை முதலாளிக்குக் கிடைத்த அந்த ஒரு தாள் மாமாவுக்கும் கிடைக்க வேண்டும்.

நம்மால் முடிந்ததும் ஒன்று இருக்கிறது. ஊரில் நிலம் உள்ள சொந்தக்காரர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். அடுத்த மழைக்கு முன்னால் அந்தச் செயலியை அவர்கள் போனில் போட்டுக் கொடுங்கள். 14447 என்ற உதவி எண்ணைக் கதவில் எழுதி வையுங்கள். கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

மாமா போன சம்பாவுக்குப் பிரீமியம் கட்டவில்லை. ஏக்கருக்கு 540 ரூபாய் கட்ட வழியில்லாமல் இல்லை. போன தடவை நடந்ததற்குக் கணக்கு கேட்டார், யாரும் சொல்லவில்லை. அதனால்தான்.