"எல்லாம் எடுத்தாச்சு" சரி, ஓரத்தைப் பார்த்தது யாரு?

1/ போன மாசம் ஒரு அக்கா வந்தாங்க. வயசு 43. மார்பில் ரெண்டு சென்டிமீட்டர் கட்டி, புற்றுநோய். வேற இடத்தில் கட்டியை மட்டும் எடுத்து, மார்பகத்தைக் காப்பாத்துற ஆபரேஷன் செஞ்சிருந்தாங்க. "எல்லாம் எடுத்தாச்சும்மா, பயப்படாதீங்க"ன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க.

பயாப்சி ரிப்போர்ட்டின் கடைசி வரி: "திசு துண்டு துண்டாக வந்துள்ளது. திசை குறிக்கப்படவில்லை. ஓரங்கள் பற்றிக் கருத்துக் கூற இயலாது."

2/ எந்தப் பக்கம் மிச்சம் இருக்கும்னு யாருக்கும் தெரியாது. கடைசியில் அவங்க முழு மார்பகத்தையும் எடுக்க வேண்டியதாப் போச்சு. எடுத்ததைச் சோதிச்சதில் புற்றுநோய் எங்கேயுமே இல்லை. ரெண்டு நூல் முடிச்சு போடாததுக்கு அவங்க கொடுத்த விலை இது.

3/ அதென்ன ஓரம்? கட்டியைச் சுத்தி கொஞ்சம் நல்ல திசுவையும் சேர்த்துத்தான் சர்ஜன் எடுப்பார். பேத்தாலஜிஸ்ட் அந்தத் துண்டின் வெளிப்பக்கம் முழுக்க மை பூசி, நறுக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். புற்றுநோய் செல் அந்த மையைத் தொட்டுட்டு இருந்தா, உள்ளேயும் மிச்சம் இருக்க வாய்ப்பு அதிகம். தொடலைன்னா ஓரம் சுத்தம். பரவும் வகைப் புற்றுநோய்க்கு இது போதும்னு 2014இல் அமெரிக்க அறுவை சிகிச்சை, கதிரியக்கப் புற்றுநோய்ச் சங்கங்கள் சேர்ந்தே சொல்லிட்டாங்க. பால் குழாய்க்குள்ளேயே இருக்கும் ஆரம்ப வகைக்கு (டிசிஐஎஸ்) 2 மில்லிமீட்டர் இடைவெளி வேணும்.

4/ எவ்வளவு கைதேர்ந்த சர்ஜனா இருந்தாலும் மைக்ராஸ்கோப்பில் தெரியுறது விரலுக்குத் தெரியாது. வளர்ந்த நாடுகளிலேயே ஏறக்குறைய அஞ்சு பேரில் ஒருத்தருக்கு ரெண்டாவது ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கு. அதனால ரெண்டாவது தடவை போறது தப்பே இல்லை. எந்தப் பக்கம் போகணும்னே தெரியாம நிக்கிறதுதான் தப்பு.

5/ "எங்ககிட்ட அவ்வளவு வசதி இல்லை சார்"னு சில டாக்டர் நண்பர்கள் சொல்றாங்க. என்ன வசதி? துண்டை உடைக்காம முழுசா எடுக்கணும். மேல்பக்கம் குட்டை நூல், வெளிப்பக்கம் நீள நூல். நிறைய ஃபார்மலினில் உடனே போடணும். எது எந்தப் பக்கம்னு படிவத்தில் எழுதணும். ரெண்டு நிமிஷ வேலை.

6/ வசதி இருந்தா இன்னும் செய்யலாம். எடுத்த துண்டை அங்கேயே எக்ஸ்ரே எடுக்கலாம். ஃப்ரோசன் செக்‌ஷனில் அரை மணி நேரத்துக்குள்ள பதில் வரும். ஆனா மார்பகத்தில் கொழுப்பு அதிகம், சரியா உறையாது. அதனால அது இறுதித் தீர்ப்பு கிடையாது.

எளிமையான வழியும் இருக்கு. கட்டி எடுத்த குழியைச் சுத்தி இன்னொரு மெல்லிய அடுக்கு சீவி எடுக்கிறது. 2015இல் அமெரிக்காவின் யேல் குழு வெளியிட்ட ஆய்வில், ஓரத்தில் புற்றுநோய் இருந்தவங்க 34%லேர்ந்து 19% ஆனாங்க. ரெண்டாவது ஆபரேஷன் 21%லேர்ந்து 10% ஆச்சு. கூடுதல் கருவி எதுவும் வேண்டாம், அதே கத்தி போதும்.

7/ அடுத்த வாதம்தான் எனக்குக் கோபம் வரவைக்குது: "எதுக்கு ரிஸ்க்? முழுசா எடுத்துட்டா டென்ஷன் இல்லை."

யாருக்கு டென்ஷன் இல்லை? இத்தாலியிலும் அமெரிக்காவிலும் நடந்த பெரிய ஆய்வுகளின் 20 வருட முடிவுகள் 2002லேயே வந்தாச்சு. ஆரம்ப நிலையில் மார்பகத்தைக் காப்பாத்தினவங்களும் முழுசா எடுத்தவங்களும் ஒரே அளவுக்குத்தான் உயிர் வாழ்ந்தாங்க. ஆனா காப்பாத்தினா பொதுவா ரேடியேஷன் கட்டாயம். அமெரிக்க ஆய்வில் ரேடியேஷன் இல்லாதவங்களில் 39% பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பி வந்துச்சு. ரேடியேஷன் எடுத்தவங்களில் 14%.

8/ சிலருக்கு முழுசா எடுத்தே ஆகணும். கட்டி பெருசா இருக்கலாம், பல இடங்களில் இருக்கலாம், ரேடியேஷன் கொடுக்க முடியாத நிலை இருக்கலாம். அது நோய் எடுக்கிற முடிவு. பேத்தாலஜிஸ்ட் இல்லைன்னு மார்பகத்தை எடுத்தா, அது ஆஸ்பத்திரியோட குறைக்குப் பெண்ணோட உடம்பில் தண்டனை. முடியலைன்னா முடியுற இடத்துக்கு அனுப்புங்க. அதில் கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை.

9/ மக்களே, ஆபரேஷனுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க:
• எனக்கு மார்பகத்தைக் காப்பாத்த முடியுமா? முடியாதுன்னா ஏன்?
• எடுக்கிற திசுவில் திசை குறிச்சு அனுப்புவீங்களா? ஓரத்தை யார் பார்ப்பாங்க?
• ஓரத்தில் நோய் இருந்தா அடுத்து என்ன செய்வீங்க?

ஆபரேஷன் முடிஞ்சதும் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, ஓரம் பத்தி என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க.

10/ "கேட்டா டாக்டர் கோவிச்சுப்பாரோ"ன்னு அந்த அக்காவும் நினைச்சிருக்காங்க. கோவிச்சுக்கட்டும். ஒரு நாள் கோபம் மறுநாள் போயிடும்.