கேட்டுவிட்டுச் செய்ய ஓரிடம்

மத்தியப் பிரதேச மாநிலக் கூட்டுறவு வங்கிக்கு ஒரு வழக்கறிஞர் சட்ட ஆலோசகராக இருந்தார். 1993-இல் வங்கி அவரை விலக்கிவிட்டுத் தன் வழக்குக் கட்டுகளைத் திருப்பிக் கேட்டது. 97,100 ரூபாய் ஃபீஸ் பாக்கி இருக்கிறது, அதைத் தீர்த்துவிட்டுக் கட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். புகார் மாநில பார் கவுன்சிலுக்குப் போயிற்று. ஓராண்டுக்குள் விசாரணை முடியாததால் சட்டப்படி இந்திய பார் கவுன்சிலுக்கு மாறியது. அங்கே 18 மாதம் தொழில் செய்யத் தடையும் 1,000 ரூபாய் அபராதமும் விதித்தார்கள். 2000-இல் மேல்முறையீட்டை முடித்துவைத்த உச்ச நீதிமன்றம், ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்துவைப்பது தொழில் ஒழுங்கீனமே என்று உறுதியாகச் சொன்னது. ஆனால் தண்டனையை வெறும் கண்டனமாகக் குறைத்தது. அதற்குச் சொன்ன காரணங்கள் இரண்டு. இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் அதுவரை பதில் சொல்லியிருக்கவில்லை. சில உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகளைப் பார்த்து, தனக்கு அந்த உரிமை உண்டென்று அவர் நல்லெண்ணத்தோடு நம்பியிருக்கலாம்.

இந்த இரண்டாவது காரணத்தை நம் வழக்கறிஞர் சமூகம் இன்னும் சரியாக வாசிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒருவர் செய்தது தவறுதான்; ஆனால் அது தவறென்று செய்யும்போது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொள்கிறது. 1993-இல் அவர் ஒரு குழுவுக்குக் கடிதம் எழுதி, "கட்டைத் தராமல் இருக்கலாமா?" என்று கேட்டுப் பதில் வாங்க முடிந்திருந்தால், ஏழு ஆண்டு இழுபறி நேர்ந்திருக்காது. வங்கியும் தன் கட்டுகளுக்காக அலைந்திருக்க வேண்டியதில்லை. வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் நம் ஏற்பாட்டில் தண்டிக்கும் கை இருக்கிறது, வழிகாட்டும் வாய் இல்லை. இதுதான் என் குறை.

1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தைப் புரட்டினால் இது தெளிவாகத் தெரியும். ஒழுங்கு நடவடிக்கைக் குழு, நிர்வாகக் குழு, பதிவுக் குழு, சட்ட உதவிக் குழு என்று பல குழுக்களை அது பெயர் சொல்லி அமைக்கிறது. சந்தேகம் கேட்கும் வழக்கறிஞருக்குப் பதில் சொல்ல ஒரு குழு வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. நடத்தை விதிகள் இருக்கின்றன, அவை நல்ல விதிகள்தான். எந்த வழக்கில் தானே சாட்சியாக நேரும் என்று தெரிகிறதோ அந்த வழக்கை ஏற்கக் கூடாது; ஒரு தரப்புக்கு ஆலோசனை சொல்லிவிட்டு அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது; வழக்கின் வெற்றியைப் பொறுத்து ஃபீஸ் பேசக் கூடாது. வாசிக்கும்போது எல்லாம் எளிதாகத்தான் தெரிகிறது. சிக்கல் விதிக்கும் வாழ்க்கைக்கும் நடுவே வருகிறது. அண்ணன், தம்பி இருவருக்கும் சேர்த்துப் பாகப் பத்திரம் எழுதிக் கொடுத்த வழக்கறிஞர், பத்து ஆண்டு கழித்து அதே சொத்தின் வரப்புத் தகராறில் தம்பிக்கு ஆஜராகலாமா? வாய்தாவுக்கு முந்தின இரவு, தான் தாக்கல் செய்த ஆவணம் போலி என்று கட்சிக்காரர் வாயிலிருந்தே கேட்டவர், மறுநாள் நீதிபதி முன் என்ன செய்வது? வக்காலத்திலிருந்து விலகத் தக்க காரணமும் நியாயமான அவகாசமும் வேண்டும் என்கிறது விதி. விடிந்தால் வாய்தா என்றால் நியாயமான அவகாசம் எது?

இப்படிப்பட்ட கேள்விகளை நம் ஜூனியர்கள் சீனியரிடம் கேட்கிறார்கள். சீனியர் இல்லாதவர்கள் நீதிமன்ற கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கேட்கிறார்கள். சீனியரின் அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இந்தத் தொழிலின் நல்ல மரபுகள் பெரும்பாலும் சேம்பர்களில்தான் வாழ்கின்றன. ஆனால் சந்தேகம் சீனியரின் நடத்தையைப் பற்றியதாகவே இருந்தால் ஜூனியர் எங்கே போவார்? முதல் தலைமுறையாகப் படித்துத் தாலுகா நீதிமன்றத்தில் தனியாகத் தொழில் தொடங்கியவருக்கு எந்தச் சேம்பர்? அவர் தெரியாமல் செய்தால், வழக்கறிஞர் சமூகம் அவரை முதல் முறை சந்திக்கும் இடம் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் அறையாக இருக்கும்.

அமெரிக்காவில் இதற்கு நூறாண்டுக்கும் மேலான பழக்கம் இருக்கிறது. நியூயார்க் கவுண்டி வழக்கறிஞர் சங்கம் 1912-இலேயே ஒரு குழு அமைத்து, ஒழுக்கம் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. இன்று பெரும்பாலான மாநிலங்களில் இரண்டு வழிகள் உண்டு. அவசரமென்றால் தொலைபேசியில் கேட்டு, எந்த விதியைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். நிதானமாக ஆராய வேண்டியதென்றால் எழுதிக் கேட்கலாம். குழு கூடிப் பேசி, கேட்டவரும் கட்சிக்காரரும் யாரென்று தெரியாதபடி கருத்துரையை வெளியிடும். நியூயார்க் மாநிலச் சங்கம் வைத்திருக்கும் கட்டுப்பாடுகள் எனக்குப் பிடித்தவை. கேட்பவர் தன் நடத்தையைப் பற்றி மட்டுமே கேட்கலாம், அதுவும் இனிச் செய்யப்போவதைப் பற்றி. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் செய்தது சரியா என்று கேட்டு, அந்தப் பதிலை ஆயுதமாக நீட்ட முடியாது. முடிந்துபோன தவறுக்குச் சான்றிதழும் வாங்க முடியாது. கருத்துரை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் உள்ளதை உள்ளபடி எழுதிக் கேட்டு அதன்படி நடந்தவரை நீதிமன்றம் வேறு கண்ணோடு பார்க்கும். கூட்டுறவு வங்கி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் நல்லெண்ணத்துக்கு எவ்வளவு எடை கொடுத்தது என்பதைப் பார்த்தோமே.

விதியைத் திருத்தக் காத்திராமல் புதிய கேள்விகளைச் சந்திக்கவும் இந்த முறை உதவுகிறது. செயற்கை நுண்ணறிவை வழக்கறிஞர் தொழிலில் பயன்படுத்துவது பற்றி அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் ஒழுக்கக் குழு 2024 ஜூலையில் 512-ஆம் எண் கருத்துரையை வெளியிட்டது. தனக்குக் கிடைக்கும் தகவல்களிலிருந்தே கற்றுக்கொள்ளும் கருவிக்குள் கட்சிக்காரரின் ரகசியத்தை இடுமுன் அவருக்கு விளக்கிச் சம்மதம் பெற வேண்டும், ஒப்பந்தத்தில் வழக்கமாகச் சேர்க்கும் ஒரு பொது வரி போதாது என்றது. மணிக்கணக்கில் ஃபீஸ் வாங்குபவர், கருவி மிச்சப்படுத்திய நேரத்துக்குக் காசு கேட்கக் கூடாது என்றும் சொன்னது. நம் ஊரிலும் அதே கருவிகள் சேம்பர்களுக்குள் வந்துவிட்டன.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் வலுவானது, வழக்கறிஞர்களே வழக்கறிஞர்களுக்குச் சொல்லும் நீதி தங்கள் பைக்குச் சாதகமாகத்தான் இருக்கும் என்பது. இது வெறும் பயமல்ல, நடந்தது. வர்ஜீனியா மாநிலத்தில் வீடு வாங்கிய ஒரு தம்பதி, பத்திரச் சரிபார்ப்புக்குக் குறைந்த ஃபீஸில் ஆள் தேடி 36 வழக்கறிஞர்களுக்கு எழுதினார்கள். பதில் போட்டவர்கள் 19 பேர். கட்டணப் பட்டியலில் நிர்ணயித்த தொகைக்குக் கீழே வாங்க ஒருவரும் முன்வரவில்லை. காரணம், அந்தப் பட்டியலை வழக்கமாக மீறுவது ஒழுங்கீனம் என்று மாநில பார் தன் ஒழுக்கக் கருத்துரைகளிலேயே எழுதி வைத்திருந்தது. 1975-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாடு போட்டித் தடைச் சட்டத்துக்கு விரோதம் என்று உடைத்தது. இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் அந்தத் தம்பதியால் வழக்குப் போட முடிந்ததற்கு ஒரு காரணம், பட்டியலும் கருத்துரையும் எழுத்தில் இருந்ததுதான். கேன்டீனில் வாய்மொழியாகச் சொல்லும் தொழில் தர்மத்தை எந்த நீதிமன்றத்தில் எதிர்ப்பது?

இன்னொரு மறுப்பு: சந்தேகம் கேட்பதே குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடாதா? ஆகிவிடும், பதில் சொல்பவர்களே தண்டிப்பவர்களாகவும் இருந்தால். இரண்டு குழுக்களுக்கும் நடுவே சுவர் வேண்டும். கேட்டவரின் பெயர் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகக் கூடாது. கட்சிக்காரரின் ரகசியம் பற்றியும் ஒரு கவலை உண்டு. தன் கடமை என்னவென்று ஆலோசனை பெறுவதற்காக, தேவையான அளவு விவரத்தை வழக்கறிஞர் வெளியிடலாம் என்று அமெரிக்க மாதிரி விதிகள் வெளிப்படையாக அனுமதிக்கின்றன. நம் சாட்சியச் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இல்லை. எனவே இங்கே கேள்வியைப் பெயரும் ஊரும் இல்லாமல், ஆளை அடையாளம் காண முடியாதபடி எழுதும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கண்டிப்பாக்க வேண்டும்.

தொடங்குவதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. அதே 1961 சட்டத்தின் 10-ஆம் பிரிவு, தேவையென்று கருதும் வேறு குழுக்களையும் தன் உறுப்பினர்களிடையே அமைத்துக்கொள்ள பார் கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது. உறுப்பினர்கள் ஓட்டு வாங்கி வந்தவர்கள் என்பதால், ஓய்வுபெற்ற நீதிபதிகளையும் சட்டக் கல்லூரி ஆசிரியர்களையும் ஆலோசனைக்கு அழைத்துக்கொள்ள வேண்டும். பதில்களைத் தமிழிலும் வெளியிட வேண்டும், கட்சிக்காரரும் வாசிக்கட்டும். முதல் கேள்விக்குப் பஞ்சமில்லை. கட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று 2000-இல் தீர்ப்பாகிவிட்டது. இன்று கட்டின் பாதி வழக்கறிஞரின் மடிக்கணினியிலும் வாட்ஸ்அப்பிலும் கிடக்கிறது. கட்சிக்காரர் வக்காலத்தை மாற்றும்போது அதில் எதையெல்லாம் கொடுக்க வேண்டும், எதையெல்லாம் அழிக்க வேண்டும்?