குளிரில் கரண்டு போனால் யார் காப்பாற்றுவது?



எஞ்சின் நின்றால் லயம் முழுவதும் இருண்டுபோன காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிச் சமாளித்தோம். நம்முடையது வெப்ப நாடு, இருட்டோடு போயிற்று. பனி கொட்டும் நாட்டில் மின்சாரம் நின்றால் உயிருக்கே ஆபத்து.

உக்ரேன் மக்களுக்கு அதுதான் நேர்ந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா அந்நாட்டின் மீது படையெடுத்தது. அவ்வாண்டு அக்டோபர் 10 முதல் மின் நிலையங்களைக் குறிவைத்து ஏவுகணைகளை வீசியது. நவம்பரில் ஒரு கோடிப் பேருக்கு மேல் மின்சாரம் இல்லை. அடுத்து வந்த குளிர்காலங்களிலும் தாக்குதல் தொடர்ந்தது. கம்பி இழுக்கப் போன மின்சாரத் தொழிலாளர்கள் பலர் உயிரை விட்டார்கள். அவர்களும் நம்மைப் போன்ற தொழிலாளிகள்தாம்.

அங்கே பட்டணத்து மாடி வீடுகளுக்குச் சூடு எப்படி வருகிறது தெரியுமா? பெரிய கொதிகலனில் காய்ச்சிய நீர், குழாய் வழியாக வீடு வீடாகப் போகிறது. அதைத் தள்ளும் பம்புக்கு மின்சாரம் வேண்டும். கரண்டு போனால் விளக்கு மட்டுமா போகும்? சூடு போகும், குடிநீர் போகும், லிப்ட் நிற்கும். பத்தாவது மாடியில் இருக்கும் பாட்டி அங்கேயே அடைபட்டுக் கிடப்பார். 2022 நவம்பரில் கீவ் நகர இருதய மருத்துவமனையில் டாக்டர்கள் டார்ச் வெளிச்சத்தில் அறுவை சிகிச்சையை முடித்தார்கள்.

குளிர் உடம்பை என்ன செய்கிறது? இரத்தக் குழாய் சுருங்கும், இரத்த அழுத்தம் ஏறும். வயதானவருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரலாம். பச்சைக் குழந்தையின் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று, பேச்சுக் குழறித் தூங்கி வழிந்தால் 'தூங்கட்டும்' என்று விட்டுவிடக் கூடாது. அது ஆபத்தின் அடையாளம். சாராயம் குடித்தால் குளிர் போகும் என்பதும் தப்பு. உள்ளே சூடேறுவது போல் தோன்றும்; உண்மையில் உடம்பின் சூடு தோல் வழியே வெளியேறிவிடும்.

குளிரைவிடச் சீக்கிரம் கொல்வது ஒன்று உண்டு. குளிர் தாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரி அடுப்பு மூட்டுகிறார்கள், ஜெனரேட்டர் ஓட்டுகிறார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தலை வலிக்கும், வாந்தி வரும், தூங்கினவர் எழுந்திருக்கவே மாட்டார். தனித்தனியே தப்பிக்கப் பார்க்கும் குடும்பம் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறது.

'ஆளுக்கொரு கம்பளி அனுப்பினால் போதாதா?' என்று கேட்பீர்கள். கம்பளி நல்லதுதான், ஆனால் போதாது. கம்பளி ஆக்சிஜன் மெஷினை ஓட்டுமா? பால் காய்ச்சித் தருமா?

உக்ரேனியர் கண்ட வழி வேறு. 2022 நவம்பரில் பள்ளிக்கூடங்களிலும் அரசாங்கக் கட்டடங்களிலும் கூடாரங்களிலும் 4,000க்கும் மேற்பட்ட பொது இடங்களைத் திறந்தார்கள். சூடு, வெளிச்சம், தண்ணீர், போன் சார்ஜ் செய்ய மின்சாரம், முதலுதவி எல்லாம் அங்கே இலவசம். லிப்டில் மாட்டிக்கொள்பவருக்காகத் தண்ணீரும் பிஸ்கட்டும் வைத்த பெட்டியை அக்கம்பக்கத்தாரே லிப்டுக்குள் வைத்தார்கள். ஒரு ஜெனரேட்டர் வீட்டுக்குள் ஓடினால் ஒரு குடும்பத்தைக் கொல்லும். பொதுக் கூடத்துக்கு வெளியே, காற்றோட்டமாக ஓடினால் ஊரையே காக்கும்.

ஆகவே என் கருத்து இதுதான். போர்க்கால உதவி முதலில் பொதுக் கூடத்துக்குப் போக வேண்டும். அடுத்து, மாடி ஏறிக் கதவைத் தட்டும் ஆளுக்குப் போக வேண்டும். நடக்க முடியாத கிழவர் சூடான கூடத்துக்குத் தானாக வரமாட்டார். எந்த வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார், யாருக்கு இன்சுலின் வேண்டும், யார் தனியாக இருக்கிறார் என்று பட்டியல் எழுதி வைத்திருப்பவரே அங்கே முதல் டாக்டர்.

நமக்குப் போர் இல்லை. ஆனால் வெள்ளம் வருகிறது, கரண்டு போகிறது. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஐந்தடியிலோ வைக்காதீர்கள். உங்கள் வரிசையில் யார் யார் நோயாளிகள் என்று இந்த வாரமே குறித்து வையுங்கள். சங்கம் கட்டத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையா?