பெருந்தீனிக்காரன் யார்?

உடல் பருத்த மாணவனொருவன் விடுதியின் உணவுச்சாலையுட் புகுங்கால், ஏனையோர் தம்முள் நகைத்தல் நாம் நாளுங் காண்பதொன்று. யானும் நகைத்தவருள் ஒருவனே. "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்பது அவன்மேற் சாட்டப்படும் குற்றம். கிறித்தவ மரபிலே பெருந்தீனி ஏழு பெரும் பாவங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டிருத்தலின், நம்மனோர்க்கு இத்தீர்ப்பு எளிதில் வாய்த்துவிடுகின்றது. ஆயினும், குற்றம் உண்பவனுடையதோ உணவினுடையதோ என்று ஆராயாது தீர்ப்புரைத்தல் முறையாகுமோ?

அமெரிக்க நாட்டின் பெதஸ்டா நகரிலுள்ள அரசாங்க மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் கெவின் ஹால் என்னும் அறிஞர் நிகழ்த்திய ஆராய்ச்சியொன்று 2019-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர் 20 பேரை நான்கு வாரம் அங்கேயே தங்கச்செய்து, இரண்டு வாரம் ஆலைகளில் மிகுதியும் பக்குவஞ்செய்த உணவையும், இரண்டு வாரம் காய் கனி முதலியவற்றால் ஆக்கிய எளிய உணவையும் அளித்தார். முன்வைத்த உணவிலே கலோரியும் சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் நாரும் இருவகையிலும் ஒத்திருந்தன. வேண்டுமளவு உண்ணலாம், வேண்டாததை விட்டுவிடலாம். நிகழ்ந்தது யாது? ஆலையுணவு பெற்ற நாட்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி மிகுதியாக உண்டனர். எடையும் ஏறக்குறைய 0.9 கிலோ கூடிற்று. மற்றையுணவில் அவ்வளவே குறைந்தது. அதே மனிதர், அதே வாய், அதே மனவுறுதி! மாறியது உணவொன்றே. அவ்வுணவை அவர்கள் விரைந்து உண்டனர் என்பதும் அங்கே அளந்தறியப்பட்டது.

துரித உணவுக் கடைகளின் பர்கரும் குளிர்பானமும் பெரும்பாலும் இவ்வினத்தனவே. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் மெக்டொனால்ட் சகோதரர் இருவர் 1948-இல் தம் சமையலறையை ஓர் ஆலைபோல் ஒழுங்குசெய்து, பண்டங்களின் தொகையைக் குறைத்து, 15 சென்ட் காசுக்குப் பர்கர் விற்கத் தொடங்கினர். பரிமாறுதற்கென அமைந்த அவ்விரைவு நாளடைவில் உண்பவனையும் பற்றிக்கொண்டது. மெல்லுதற்கு அரியதொன்றும் அதில் இல்லை; வயிறு நிறைந்ததென்னும் செய்தி மூளைக்கு எட்டுமுன் பொட்டலம் வெறுமையாகிவிடுகின்றது.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் முன்னுண்டது செரித்தமை அறிந்தும் பசியறிந்தும் உண்ணுமாறு பணித்திருக்கின்றாரே என்பர் சிலர். உண்மை. ஆனால் அறிதற்கு அங்கே பசியென்பதொன்று பேசவேண்டும். அதன் குரலை அடக்கும் உணவை முன்வைத்துவிட்டு, கேளாதவனைப் பழித்தல் நீதியன்று. பரம்பரையும் உறக்கக்குறைவும் நடவாமையும் உடற்பருமனுக்குக் காரணங்களே. அவற்றை மறுக்கின்றேன் அல்லேன்.

கடைகளைத் தடுத்தால் தீருமோ எனின், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தார் 2008-இல் தம் தென்பகுதியில் தனித்து நிற்கும் புதிய துரித உணவுக் கடைகளுக்குத் தடை விதித்தனர். அதனால் அங்கே உடற்பருமன் குறையவில்லையென்று 2015-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. பழைய கடைகள் இருந்தபடியே இருந்தன. விலக்குவதோடு, வேறு நல்லுணவு கைக்கெட்டும்படி செய்தலும் வேண்டும் போலும்.

நம் விடுதியையே நோக்குக. இரவுணவு ஏழரை மணிக்கு முடிகின்றது. படிப்போ நள்ளிரவு வரை. இடையிற் பசித்தவனுக்கு வாயிலண்டையுள்ள தள்ளுவண்டியின் நூடுல்ஸும், பெட்டிக்கடையின் சிப்ஸுமே கதி. நாம் நகைத்த அந்நண்பன் அங்கே செல்கின்றான்; அவனருகே நின்று யானும் உண்கின்றேன். என் உடம்பில் அது தெரியவில்லை, அவ்வளவே வேற்றுமை. சுண்டலும் வேகவைத்த வேர்க்கடலையும் வாழைப்பழமும் பத்து மணிவரை உணவுச்சாலையிற் கிடைக்குமாறு செய்தல் விடுதித் தலைவர்க்கு அரிதன்று. வரும் பருவத்திலேயே அதனைத் தொடங்கவேண்டுமென்று மாணவர் அனைவரும் சேர்ந்து கேட்கலாம். அவ்விண்ணப்பத்தில் முதற் கையெழுத்து என்னுடையதாகுக.