துரத்துவதற்குப் பெயர் காதலா?

முனிர்கா பஸ் நிறுத்தத்தை அறியாத டில்லித் தமிழர் இருக்க முடியாது. மலை மந்திருக்குக் கிருத்திகைக்குப் போகிறவர்களும், ராமகிருஷ்ணபுரத்தில் தமிழ்ச் சங்கக் கூட்டத்துக்குப் போகிறவர்களும், பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடுகிறவர்களும் ஏறி இறங்கிப் பழகிய பகுதி அது. 2018-இல் மெட்ரோ ரயில் வந்த பிறகு கூட்டத்தில் ஒரு பகுதி பூமிக்கடியில் போய்விட்டது. ஆனாலும் வெளிவட்டச் சாலையில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

2012 டிசம்பர் 16-ஆம் தேதி இரவு, சாகேத்தில் சினிமா பார்த்துவிட்டு ஆட்டோவில் வந்த ஒரு மாணவியும் அவருடைய நண்பரும் இந்த நிறுத்தத்தில்தான் ஒரு தனியார் பஸ்ஸில் ஏறினார்கள். அதன் பின் நடந்ததை மீண்டும் விவரிக்க வேண்டியதில்லை. டிசம்பர் 29-ஆம் தேதி சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் அந்தப் பெண் உயிர் நீத்தார். குற்றவாளிகளில் நால்வர் 2020 மார்ச் 20-ஆம் தேதி திகார் சிறையில் தூக்கிலிடப்பட்டனர்.

அந்தக் கொடுமையைச் சினிமாவின் தலையில் கட்டுவது அறிவீனம். அப்படிச் சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. சினிமாவும் பத்திரிகையும் தொலைக்காட்சியும் இளைஞர்களைக் கெடுக்கின்றன என்று மட்டுமே சொல்லிப் பழகியவர்கள், அதற்கு ஆறு நாள் கழித்து நடந்ததையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. டிசம்பர் 22-ஆம் தேதி ராஷ்டிரபதி பவனை நோக்கி ரைசினா குன்றில் ஏறிய மாணவர்களையும் மாணவிகளையும் எந்தக் கட்சியும் லாரியில் ஏற்றிக் கொண்டுவரவில்லை. தொலைக்காட்சியில் பார்த்ததும் கைபேசியில் படித்ததும் அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தின. குளிரில் தண்ணீரைப் பீய்ச்சியும் கண்ணீர்ப்புகை வீசியும் போலீசாரால் அவர்களை எளிதில் கலைக்க முடியவில்லை.

அதன் பயனாக மறுநாளே முன்னாள் தலைமை நீதிபதி ஜே. எஸ். வர்மா தலைமையில் மூவர் குழு அமைக்கப்பட்டது. சுமார் 80,000 யோசனைகள் வந்து குவிந்தன. 2013 ஜனவரி 23-ஆம் தேதி குழு அறிக்கை தந்துவிட்டது. ஒரு மாதத்தில் வேலையை முடித்த அரசுக் குழுவைக் காண்பது அரிது. அதை அடுத்து 2013-இல் திருத்தப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தில் 354-டி என்ற புதிய பிரிவு வந்தது. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் அவளைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், பேச முயல்வதும் குற்றம் என்று அது கூறியது. முதல் தடவை 3 ஆண்டு வரை சிறை. மறுபடியும் செய்தால் 5 ஆண்டு வரை. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவாக அதே சட்டம் தொடர்கிறது.

இந்தச் சட்டத்தின் மை உலர்ந்து ஆறு மாதம் ஆகுமுன், 2013 ஜூன் 21-ஆம் தேதி ‘ராஞ்சனா’ என்ற இந்திப் படம் வெளிவந்தது. கதாநாயகன் தனுஷ், இசை ஏ. ஆர். ரஹ்மான். ஒரு வாரத்தில் ‘அம்பிகாபதி’ என்ற பெயரில் தமிழிலும் வந்தது. டில்லித் தமிழர்கள் அதைத் தங்கள் வீட்டுப் படம் போலவே கொண்டாடினார்கள். அதில் வியப்பில்லை. கதாநாயகன் காசியில் குடியேறிய ஒரு தமிழ்ப் புரோகிதரின் மகன். கதையோ காசியில் தொடங்கி, முனிர்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்கிறது. பிற மாநிலத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன் ஒருவன் பெரிய படத்தில் கதாநாயகனாக வருவது அடிக்கடி நடக்கிற காரியமல்ல.

அந்தப் பையன் என்ன செய்கிறான்? பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தியைத் தெருத் தெருவாகப் பின்தொடர்கிறான். அவள் அறைகிறாள், மறுநாளும் வருகிறான். கடைசியில் கையை அறுத்துக்கொள்கிறான். அவள் மனம் இளகுகிறாள். விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் தண்டனை யாருக்கு? பெண்ணைத்தான் ஊரைவிட்டு அனுப்புகிறார்கள். பையன் தெருவிலேயே இருந்துகொண்டு வருஷக்கணக்காகக் காத்திருக்கிறான். அரங்கத்தில் உள்ளவர்களின் இரக்கம் முழுவதும் அவனுக்குப் போகிறது.

படத்தில் மற்ற எதுவும் கற்பனையாக இருக்கலாம். பெண்ணை ஊரைவிட்டு அனுப்புகிற இடம் கற்பனை அல்ல. முனிர்காவிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் ஒண்டுக் குடித்தனம் நடத்துகிற தமிழ்க் குடும்பங்களில் பெரிய பெண்கள் எத்தனையோ பேர், மெட்ரோ நிலையத்திலிருந்து தெருமுனை வரை தினமும் ஒருவன் பின்னால் வருவதை வீட்டில் சொல்வதில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். முதலில் மாலை வகுப்பு நிற்கும். பிறகு கல்லூரி நிற்கும். அதற்குப் பிறகு, “ஊரில் பாட்டியோடு கொஞ்ச நாள் இருக்கட்டும்” என்று தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் வாங்கப்படும். போன இடத்தில் அவசர அவசரமாக ஒரு மாப்பிள்ளை பார்க்கப்படுவான். இரவு ஷிப்டு பார்க்கிற தகப்பனாரும், நாலு வீட்டில் சமையல் செய்கிற தாயாரும் வேறு என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பின்னால் வந்தவன் படிப்பை யாரும் நிறுத்துவதில்லை. அவனை யாரும் ரயிலேற்றுவதும் இல்லை.

அந்தப் பையனும் பெரும்பாலும் இன்னொரு வீட்டின் செல்லப் பிள்ளைதான். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தடுமாறுவான். கதாநாயகனின் வசனத்தை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். பள்ளியில் இந்தி, பாடப்புத்தகத்தில் ஆங்கிலம், வீட்டில் “சாப்பிட்டியா, படிச்சியா” என்ற அளவுக்குத் தமிழ். ஆண், பெண், ஆசை, மறுப்பு என்பவை பற்றி அவனிடம் தமிழில் பேசியது சினிமா ஒன்றுதான். தகப்பனார் பேசவில்லை, வாத்தியார் பேசவில்லை, கோயிலில் பேச முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்குக் குடும்பத்தோடு வரிசையில் நின்று ஒரு தமிழ்ப் படம் பார்த்த காலத்தில், பக்கத்து நாற்காலியில் அம்மாவும் அக்காவும் இருந்தார்கள். இன்று கைபேசியில், போர்வைக்குள், தனியாகப் பார்க்கிறான். பார்த்தது சரியா தவறா என்று முகம் சுளித்துக் காட்டக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை.

கல்லூரி வாசலில் பெண்களை வழிமறித்துப் பாடுகிற பாட்டு தமிழ்ப் படத்துக்குப் புதியதல்ல. அறுபதுகளிலேயே அது உண்டு. அப்போதெல்லாம் யார் கெட்டார்கள் என்று கேட்பவர்கள், அப்போது பேருந்தில் போன பெண்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். 1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, கேலி செய்தவர்களின் அட்டகாசத்தால் உயிரிழந்த பிறகுதான் தமிழக அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. முனிர்கா சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்பு, 2012 நவம்பரில், காரைக்காலில் ஓர் இளம் பெண் பொறியாளர் மீது, மணக்க மறுத்ததற்காக ஒருவன் அமிலம் வீசினான்; மூன்று மாதத்தில் அவர் இறந்தார். 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு மாணவி, வேண்டாம் என்று சொன்ன பிறகும் விடாமல் வந்தவனால் ஓடும் ரயில் முன் தள்ளப்பட்டு இறந்தார். 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது.

இவர்கள் எந்தப் படத்தைப் பார்த்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. கோடிக்கணக்கானவர்கள் அதே படங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள் என்பதும் உண்மை. சினிமா குற்றவாளியை உற்பத்தி செய்வதில்லை. அது செய்வது வேறு. பின்தொடர்கிறவன் தன் செயலுக்குத் தானே சொல்லிக்கொள்ள ஒரு நல்ல பெயரைத் தருகிறது. அவன் தொந்தரவு செய்வதாக நினைப்பதில்லை, காதலிப்பதாக நினைக்கிறான். அவள் முகம் திருப்பினால் அது பத்தாவது ரீல். இன்னும் நாலு ரீல் பொறுத்தால் திரும்பிப் பார்ப்பாள் என்று நம்புகிறான். அவள் ‘இல்லை’ என்பது அவன் காதில் ‘இன்னும் இல்லை’ என்று விழுகிறது.

ஆஸ்திரேலியாவில் இது நீதிமன்றத்திலேயே பேசப்பட்டது. இரண்டு பெண்களைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்ததாக டாஸ்மேனியாவில் ஓர் இந்தியக் காவலாளி மீது வழக்கு. விடாமல் துரத்தினால் பெண் இணங்குவாள் என்று இந்திப் படங்களைப் பார்த்து அவர் நம்பிவிட்டார் என்று அவருடைய வழக்கறிஞர் வாதாடினார். 2015-இல் நீதிமன்றம், ஐந்தாண்டு நன்னடத்தை நிபந்தனையோடு அவரைச் சிறைக்கு அனுப்பாமல் விட்டது. சொந்த ஊரைவிட்டு வந்து பிழைக்கிற ஓர் ஆள் கூண்டில் நின்று, தன் நாட்டுச் சினிமாவைச் சாட்சிக்கு அழைத்தது நம் படமுதலாளிகளுக்குப் பெருமை தரும் செய்தி அல்ல.

தணிக்கைக் குழு இருக்கிறதே என்பார்கள். பெண்களை இழிவுபடுத்தும் காட்சி கூடாது என்று 1991-ஆம் ஆண்டின் தணிக்கை விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் துரத்துவது இழிவு என்று யாரும் கருதாததால் அந்த விதி அதன்மேல் பாய்வதில்லை. இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 2012 அக்டோபர் 2-ஆம் தேதி முதல் திரையில் எவனாவது சிகரெட் பற்றவைத்தால், புகை பிடிப்பது கேடு என்று அடியில் எழுத்து ஓடவேண்டும். தன் காசில் தன் நுரையீரலைக் கெடுத்துக்கொள்கிறவனுக்கு எச்சரிக்கை உண்டு. 3 ஆண்டுச் சிறைக்குரிய குற்றத்தைக் கதாநாயகன் இரண்டரை மணி நேரம் செய்தாலும் ஒரு வரிகூட ஓடாது.

2016 ஜூன் 24-ஆம் தேதி காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒரு காமிராகூட அந்த நிலையத்தில் இல்லை என்பது அப்போது வெளியாயிற்று. கைதான இளைஞர் சிறையிலேயே இறந்ததால் வழக்கு தீர்ப்புக்கு வரவில்லை. தமிழ்நாடே பின்தொடர்தலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்த ஆண்டு அக்டோபரில், ஏற்கெனவே நிச்சயமான பெண்ணை வேஷம் போட்டு ஏமாற்றிக் கைப்பிடிக்கும் கதையோடு ‘ரெமோ’ வந்து நன்றாக ஓடியது. கண்டித்து எழுதியவர்களும் உண்டு, கூட்டம் குறையவில்லை.

வேறு வழியே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2019 ஆகஸ்டில் வந்த ‘நேர்கொண்ட பார்வை’யில் அஜித் வழக்கறிஞராக நடித்தார். ஒரு பெண் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே பொருள் என்பதுதான் படத்தின் வாதம். டில்லியில் நடக்கும் ‘பிங்க்’ என்ற இந்திப் படத்தின் தழுவல் அது. கட் அவுட்டுக்குப் பாலூற்றுகிற அதே இளைஞர்கள் அந்த வாதத்துக்கும் விசிலடித்தார்கள். தங்கள் கதாநாயகன் சொன்னால் எதையும் கேட்கத் தயாராக இருக்கிற பிள்ளைகள் அவர்கள். இதுவரை அவர்களுக்குப் பெரும்பாலும் சொல்லப்பட்டது வேறு.

அம்பிகாபதிக்கே இன்னொரு கதை உண்டு. அந்தப் படத்தை ஆதரித்துப் பேசியவர்கள், கதாநாயகன் கடைசியில் தன் செயலுக்கு உயிரையே விலையாகக் கொடுக்கிறானே என்று வாதிட்டார்கள். அதில் ஓரளவு நியாயம் இருந்தது. 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அதன் தமிழ்ப் பதிப்பு மீண்டும் திரைக்கு வந்தபோது, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முடிவை மாற்றிவிட்டார்கள். கதாநாயகன் பிழைத்துக்கொள்கிறான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தும் பயனில்லை. செலுத்த வேண்டியிருந்த ஒரே விலையும் அதோடு தள்ளுபடி ஆயிற்று.

டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் இந்தத் தலைநகரில் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. 1946 முதல் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அரங்கமும் இருக்கிறது. பட்டிமன்றத்துக்கும் பொங்கல் விழாவுக்கும் ஒதுக்குகிற மாலைகளில் ஒன்றை ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு ஒதுக்கலாம். ஒரு படத்தைப் போட்டு, பாதியில் நிறுத்தி, இந்த இடத்தில் அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்கலாம். 78-ஆவது பிரிவை அவர்களுக்குப் புரிகிற தமிழில் ஒரு பெண் வழக்கறிஞர் படித்துக் காட்டலாம். தகப்பனார்களையும் அன்று அழைக்க வேண்டும்; ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் பகல் ஷிப்டுக்காரர்களும் வர முடியும். வீட்டில், பெண் வந்து சொல்கிற அன்று, டிக்கெட் வாங்குவதற்கு முன் பின்னால் வந்தவன் யார் என்று விசாரித்து, அவன் பெற்றோர் வீட்டுக் கதவை நாலு பெரியவர்களோடு போய்த் தட்டலாம். மகளிர் உதவி எண் 181-ஐயும், ரயிலில் 139-ஐயும் பெண்ணின் கைபேசியில் எழுதி வைப்பதோடு, அவற்றைக் கூப்பிட்டதற்காக வீட்டில் திட்டு விழாது என்பதையும் அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.